சாத்தே சாஸ் வீட்டில்: வறுத்த கடலையா, பொரித்த கடலையா, பீநட் பட்டரா?

மலேசியாவில் சாத்தே சாப்பிட்டுப் பழகியவர்கள் ஊர் திரும்பியதும் ஏங்குவது பெரும்பாலும் அந்த நிலக்கடலைச் சாஸுக்குத்தான். கோழியை மஞ்சள், எலுமிச்சைப்புல், சர்க்கரை போட்டு ஊறவைத்துக் குச்சியில் கோத்து வாட்டுவது யாருக்கும் கைகூடிவிடும். சாஸ் அவ்வளவு எளிதில் பிடிபடாது. செய்முறை தேடினால் ஒருவர் பச்சைக் கடலையை வாணலியில் வறுக்கச் சொல்கிறார். இன்னொருவர் எண்ணெயில் பொரிக்கச் சொல்கிறார். மூன்றாமவர் பீநட் பட்டர் பாட்டிலைத் திறந்து பதினைந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். மூன்றுக்கும் ஒரே பெயர்தான் வைக்கிறார்கள். ஆனால் நாக்கில் வைத்தால் மூன்றும் வேறு வேறு பண்டங்கள்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாத்தேவோடு தொட்டுக்கொள்ள என்றால், பச்சைக் கடலை வாங்கி, வீட்டில் வறுத்து, ரவைபோல உடைத்துச் செய்யுங்கள். அதற்கு மாற்று இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அவித்த காய்கறி, டோஃபு, இட்லி மாதிரியானவற்றுக்கு மேலே ஊற்ற என்றால் பொரித்த கடலை. நூடுல்ஸில் பிரட்டவோ சாலட்டில் கலக்கவோ என்றால் பீநட் பட்டரே போதும், அங்கே மெனக்கெடுவது வீண். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதை விளக்கத்தான் மீதிக் கட்டுரை.

முதலில் ஊர்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மூன்று வழிகளும் மூன்று ஊர்களிலிருந்து வந்தவை. மலாய் வீடுகளில் செய்யும் குவா கச்சாங் என்ற கடலைச் சாஸ் வறுத்த கடலையில் ஆனது. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, பேரரத்தை, எலுமிச்சைப்புல் எல்லாவற்றையும் விழுதாக அரைத்து நிறைய எண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீர் விட்டு, உடைத்த கடலையைப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். கோலாலம்பூருக்குத் தெற்கே இருக்கும் காஜாங் இதற்குப் பேர்போன ஊர். அங்கே சாஸைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்து, வதக்கிய மிளகாய் விழுதையும் பக்கத்தில் தனியாக வைப்பார்கள். காரம் எவ்வளவு என்பதைச் சாப்பிடுகிறவரே முடிவுசெய்துகொள்ளலாம். வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே சாஸ் செய்கிறவர்கள் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஜாவா. அங்கே கடலையைத் தோலோடு எண்ணெயில் பொரித்து, சோபெக் என்ற கல் தட்டில் மிளகாய், பனைவெல்லம், புளி, கச்சோலக் கிழங்கு சேர்த்து நசுக்கி, வெந்நீர் விட்டுக் கரைப்பார்கள். கீரை, முளைப்பயறு, பீன்ஸ் எல்லாம் அவித்து மேலே இதை ஊற்றினால் பெச்செல். மடியுன் என்ற ஊரின் பெச்செல் புகழ்பெற்றது. ஜகார்த்தாவின் காடோ-காடோவும் இதே குடும்பம்தான். மதுராத் தீவுக்காரர்களின் சாத்தேவிலும் கடலை உண்டு, ஆனால் அதில் கெச்சாப் மானிஸ் என்ற இனிப்புச் சோயா சாஸ் தாராளமாக விழும், நிறம் கறுப்பாக இருக்கும்.

மூன்றாவது வழி, பீநட் பட்டர், நெதர்லாந்துப் பக்கம் வேரூன்றியது. இந்தோனேசியாவை ஆண்டவர்களோடும் அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடும் சாத்தே சாஸ் அங்கே போய்ச் சேர்ந்தது. இன்று அங்கே உருளைக்கிழங்கு வறுவலின் மேல் அதை ஊற்றித் தின்பது சர்வசாதாரணம். கடையில் பீநட் பட்டர் எப்போதும் கிடைக்கும் நாட்டில் கடலையை யார் வறுத்துக்கொண்டிருப்பார்கள்?

வறுத்த கடலை வழி

கடலையை எப்படி வாங்குவது என்பதிலேயே பாதி ருசி தீர்மானமாகிவிடுகிறது. ஓட்டோடு ஒரு கிலோ வாங்கினால் உரித்தபின் சுமார் 700 கிராம் பருப்பு தேறும். உரிக்கப் பொறுமை இருந்தால் இதுதான் சிறந்தது, ஓடு இருக்கும்வரை கடலை சீக்கிரம் கெடாது. உரித்த பருப்பு வாங்கினால் ஒரு பிடி எடுத்து இரண்டு மூன்றை மென்று பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் அதை எந்த மசாலாவும் மறைக்காது.

பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் கூசாமல் பொறுக்கி எறியுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் அஃப்ளடாக்சின் உலகத்துக்குத் தெரியவந்தது. வறுப்பதால் அந்த நஞ்சு கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. சாஸில் எல்லாவற்றையும் அரைத்துவிடுவதால் கெட்ட கடலை கண்ணுக்குத் தெரியவும் செய்யாது. அதனால்தான் பொறுக்கும் வேலையை வறுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

வறுப்பதில் ஒரே விதி: நிதானம். பச்சைக் கடலைக்குள் ஈரம் இருக்கிறது. அது வெளியேறிய பிறகுதான் வாசனை பிறக்கும். தீயைக் கூட்டினால் வெளியே கருகிவிடும், உள்ளே பச்சை வாடை அப்படியே நிற்கும். அந்தப் பச்சை வாடை கொதிக்கும்போது வெளியே வந்து, அவித்த பயறு சாப்பிடுவதுபோல ஆக்கிவிடும். அடி கனமான வாணலியில் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம், கை ஓயாமல் கிளற வேண்டும். ஓவன் இருந்தால் 160 டிகிரியில் ஒரே அடுக்காகப் பரப்பி 20 முதல் 25 நிமிடம், நடுவில் இரண்டு முறை தட்டைக் குலுக்கிவிடுங்கள். சமமாக வறுபடுவதில் ஓவன்தான் மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தால் நடுப்பகுதி இளம் பழுப்பாக இருக்க வேண்டும். வெளிர் மஞ்சளாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கியதும் அகலத் தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் சூட்டில் மேலும் கருகும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளுவண்டியில் மணலில் வறுத்து விற்கும் கடலை. மணல் கடலையை நாலாபுறமும் சூழ்ந்து சூடாக்குவதால் வாணலியைவிடச் சமமாக வறுபட்டிருக்கும். உப்புத் தண்ணீர் தெளித்ததாக இருந்தால் சாஸில் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், அவ்வளவுதான். பாக்கெட்டில் வரும் மசாலா கடலை, எண்ணெயில் பொரித்து உப்புப் போட்ட கடலை இரண்டும் இதற்கு ஆகாது.

தோலை எடுப்பதா, விடுவதா? மலாய்ச் சாஸுக்கு எடுத்துவிடுங்கள். தோலில் லேசான துவர்ப்பு இருக்கிறது, புளியோடு சேரும்போது அது கூடித் தெரியும். ஆறிய கடலையைத் துணியில் கட்டித் தேய்த்து, முறத்தில் போட்டுப் புடைத்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். பத்தில் ஒன்றில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை.

அடுத்து உடைப்பது. இந்த ஓரிடத்தில்தான் வீட்டில் செய்வதற்கும் பாட்டிலுக்கும் உள்ள முழு வித்தியாசமும் இருக்கிறது. சாத்தே சாஸை மெல்லும்போது பல்லில் சின்னச் சின்னக் கடலைத் துணுக்கு படவேண்டும். இறைச்சி மென்மையானது, பக்கத்தில் வைக்கும் நாசி இம்பிட், அதாவது அமுக்கி வெட்டிய சோறு, அதுவும் மென்மையானது. கடிபடுவதற்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் கடலையும்தான் இருக்கின்றன. மிக்சியில் போட்டால் ஒரே ஓட்டமாக ஓடவிடாதீர்கள். கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய்தான். பிளேடு சுற்றும் சூட்டில் எண்ணெய் வெளியேறி, கண்மூடித் திறப்பதற்குள் பசையாகிவிடும். ஒரு விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஒரு விநாடி. ஐந்தாறு முறை இப்படிச் செய்தால் ரவையும் குறுணையும் கலந்த பதம் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் தனியாக எடுத்து இன்னும் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். அந்த நைசான பங்கு சாஸைக் கெட்டியாக்கும், மீதி கடிக்கக் கிடைக்கும். கடலை நன்றாக ஆறியிருப்பது முக்கியம், சூடாக இருந்தால் பசையாகும் ஆபத்து அதிகம்.

உரல் இருந்தால் மிக்சியே வேண்டாம். கிரைண்டர் இதற்குச் சரிப்படாது, குறைந்த அளவுக் கடலை கல்லில் ஒட்டிக்கொண்டு அப்படியே சுற்றும்.

விழுதும் எண்ணெயும்

அளவுக்கு 250 கிராம் கடலையை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பேருக்குத் தாராளம். அதற்குக் காய்ந்த மிளகாய் 10, சின்ன வெங்காயம் 10, பூண்டு 3 பல், எலுமிச்சைப்புல் 2 தண்டு, ஒரு அங்குலப் பேரரத்தை. மலேசியாவில் விழுதுக்குப் போடும் காய்ந்த மிளகாய் நம் குண்டு மிளகாயைவிடக் காரம் குறைவு, நிறம் அதிகம். ஆகவே நீள மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விதையை உதறிவிட்டு அரைப்பதோ, பாதிக்குக் காஷ்மீரி மிளகாய் சேர்ப்பதோ நல்லது.

எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு, வெள்ளையான நான்கு விரல் நீளம் மட்டும்தான் அரைபடும். அதை வட்டவட்டமாக மெல்லியதாக நறுக்கிப் போடாவிட்டால் மிக்சியில் நார் நாராக நிற்கும். இந்த விழுதுக்கு மட்டும் அம்மி எடுப்பவர்கள் பாக்கியசாலிகள். நாரும் வெங்காயமும் அம்மியில் இழைவதுபோல மிக்சியில் இழைவதில்லை. மிக்சியில் தண்ணீர் விட்டு அரைத்தால் அந்தத் தண்ணீர் வற்றும்வரை விழுது வதங்காமல் வேகும், அதனால் தண்ணீருக்குப் பதில் எண்ணெயே இரண்டு கரண்டி விட்டு அரையுங்கள். பேரரத்தை பச்சையாகக் கிடைக்காத ஊர்களில் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது கிடைக்கும். சிறு துண்டை வெந்நீரில் ஊறவைத்துத் தட்டிப் போடலாம், வாசனை கொஞ்சம் மருந்துபோல இருக்கும் என்பதால் பாதி அளவு போதும். இஞ்சி போட்டால் வேறு சாஸ் ஆகிவிடும்.

எண்ணெய் 100 மில்லி. படிக்கும்போது அதிகமாகத் தோன்றும். இதைக் குறைத்தால் விழுது அடிப்பிடிக்கும், வெங்காயத்தின் பச்சை வாடை கடைசிவரை நிற்கும். நடுத்தரத் தீயில் 10 முதல் 15 நிமிடம் வதக்கி, விழுது நிறம் கறுத்து எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக நிற்கும் பதம் வரவேண்டும். நம் வீட்டுக் குழம்புக்கும் இதே பதம்தான். பிறகு சிறு எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்த தண்ணீர், வெல்லம், உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர், உடைத்த கடலை. சிறு தீயில் 20 நிமிடம் அடிக்கடி கிளறி, மேலே மறுபடி சிவப்பு எண்ணெய் மிதக்கும்போது இறக்குங்கள். அந்த எண்ணெயில் பாதி கடலையிலிருந்து வந்தது. வேண்டாம் என்பவர்கள் கரண்டியால் வழித்து எடுத்து மறுநாள் முட்டை பொரிக்க வைத்துக்கொள்ளலாம், கீழே கொட்டிவிட வேண்டாம்.

தேங்காய்ப்பால் விஷயத்தில் வீட்டுக்கு வீடு கருத்து மாறும். தாய்லாந்துச் சாத்தே சாஸ் சிவப்புக் கறி விழுதும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் கிடையாது. மலாய்ச் சாஸில் பலர் விடுவதே இல்லை. நான் தண்ணீர்தான் விடுவேன். தேங்காய்ப்பால் சாஸை மெத்தென்று ஆக்கிவிடும், கூடவே வறுத்த வாசனையையும் மூடிவிடும். அவ்வளவு நேரம் கிளறி வறுத்த பலன் எங்கோ அடியில் போய்விடும். சீக்கிரம் கெட்டும் போகும். குழந்தைகளுக்கு என்றால் கடைசியில் அரை டம்ளர் இரண்டாம் பால் விடலாம்.

இனிப்புக்கு மலேசியாவில் குலா மலாக்கா போடுவார்கள், தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம் அது. தென்னஞ்சர்க்கரை கிடைத்தால் அதுதான் மிக நெருங்கிய மாற்று, 60 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டலாம். கரும்பு வெல்லம் பரவாயில்லை. கருப்பட்டிக்குத் தனிப் புகைமணம் உண்டு. பாதி கருப்பட்டி, பாதி வெல்லம் என்று போட்டால் எனக்கு அசலைவிடப் பிடித்திருக்கிறது. முழுக்கக் கருப்பட்டி போட்டால் கடலை பின்னுக்குப் போய்விடும். வெறும் சீனி போடுவது கடைசி வழி. புளிப்புக்குப் புளியே சரி. எலுமிச்சைச் சாறு கொதித்தால் கசக்கும், வினிகர் ஊறுகாய் வாடையைக் கொண்டுவரும்.

பொரித்த கடலை எப்போது மேல்

பொரிப்பது வேகமானது. மிதமான சூட்டில் ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், எண்ணெய் எல்லாப் பக்கமும் சூடு தருவதால் வாணலி வறுவலில் வரும் புள்ளிக் கருகல் வராது. நாம் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே அரித்து எடுத்துவிட வேண்டும், வெளியே வந்த பிறகும் நிறம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தோலோடு பொரித்துத் தோலோடு அரைப்பதுதான் ஜாவா வழக்கம், அந்தத் துவர்ப்பு பனைவெல்லத்தின் இனிப்புக்கு எதிராக நன்றாக நிற்கிறது.

வறுத்ததற்கும் இதற்கும் ருசியில் என்ன வேறுபாடு? வறுத்தது உலர்ந்த, கூர்மையான மணம். பொரித்தது கொழுமையானது, கொஞ்சம் இனிப்பானது. ஏற்கெனவே 100 மில்லி எண்ணெய் இருக்கும் மலாய்ச் சாஸில் பொரித்த கடலையும் சேர்ந்தால் திகட்டிவிடும். பெச்செலில் விழுதை எண்ணெயில் வதக்குவதே இல்லை. வெங்காயமும் தேவையில்லை. மிளகாயும் பூண்டும் கடலையோடு லேசாகப் பொரிபடும், மற்றவை பச்சையாகவே நசுங்கும். எனவே கடலை கொண்டுவரும் எண்ணெய்தான் அந்தச் சாஸுக்கு உடல்.

பெச்செலின் ஆதாரமான மணம் இரண்டு பொருள்களில் இருக்கிறது. ஒன்று கச்சோலக் கிழங்கு, நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த வில்லைகளாகக் கிடைப்பதுதான். 250 கிராம் கடலைக்கு விரல்நுனி அளவு போதும், கூடினால் கற்பூரம்போல வாசம் அடிக்கும். இன்னொன்று ஜெருக் பூருட் என்ற எலுமிச்சை இனத்தின் இலை. அது கிடைக்காவிட்டால் நார்த்தை இலையின் நடு நரம்பை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். வேப்பிலைக்கட்டி இடிக்கும் வீடுகளில் இந்த இலையின் மணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கடலையோடு அழகாகச் சேர்கிறது. அங்கே தெராசி என்ற இறால் விழுதையும் சுட்டுச் சேர்ப்பார்கள். சைவமாகச் செய்கிறவர்கள் அதை விட்டுவிட்டு உப்பைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

பொரித்த வழிக்கு இன்னொரு பெரிய அனுகூலம், வைத்திருக்கலாம் என்பது. தண்ணீர் படாமல் இடித்து உருண்டையாக்கினால் அதுதான் ஜாவாக் கடைகளில் கட்டியாக விற்கும் சம்பல் பெச்செல். வேண்டும்போது ஒரு துண்டை உடைத்து வெந்நீரில் கரைத்தால் சாஸ் தயார். காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரங்கள் நன்றாக இருக்கும். வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப இதைவிடப் பொருத்தமானது இல்லை. நம் கடலைப் பொடிக்கு நெருங்கிய உறவு என்பதால் இட்லிக்கும் சங்கடமில்லாமல் பொருந்தும்.

பீநட் பட்டர்: எங்கே சரி, எங்கே தவறு

பீநட் பட்டரைத் தாழ்வாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதை வறுத்த கடலை செய்யாது. ஆலையில் கடலையை நாம் மிக்சியில் எட்டவே முடியாத நைசுக்கு அரைக்கிறார்கள். அந்த நைசு வெந்நீரோடு சேர்ந்தால் அடுப்பே இல்லாமல் பளபளப்பான, வழுவழுப்பான சாஸாகிவிடும். நூடுல்ஸின் ஒவ்வொரு இழையிலும் ஒட்ட வேண்டும் என்றால், வெள்ளரிக்காயும் முட்டைக்கோஸும் கலந்த சாலட்டைப் பிரட்ட வேண்டும் என்றால், இந்த வழுவழுப்புதான் தேவை. கடலைக் குறுணை அங்கே அடியில் உதிர்ந்து கிடக்கும்.

நான்கு கரண்டி பீநட் பட்டர், இரண்டு கரண்டி சோயா சாஸ், ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு சிறு துண்டு வெல்லம், நசுக்கிய பூண்டு ஒன்று, மிளகாய்ப் பொடி. இதில் வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்குங்கள். முதல் இரண்டு கரண்டித் தண்ணீரில் இளகுவதற்குப் பதிலாகப் பிசைந்த மாவுபோல இறுகும். பயப்பட வேண்டாம், கடலையின் மாவுச்சத்தும் புரதமும் தண்ணீரைக் குடித்து ஒட்டிக்கொள்ளும் கட்டம் அது. தொடர்ந்து விட்டால் திடீரென்று இளகி மோர்க்குழம்புப் பதத்துக்கு வந்துவிடும்.

வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடலை மட்டும், அல்லது கடலையும் உப்பும் என்று இருப்பதே சமையலுக்கு உகந்தது. சர்க்கரை சேர்த்ததில் இனிப்பை நம் கையில் வைத்துக்கொள்ள முடியாது. எண்ணெய் மேலே பிரியாமல் இருக்க உறைகொழுப்பு சேர்த்ததை வாங்கினால் ஆறியதும் சாஸ் களிம்புபோல இறுகும். அதோடு, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் மலாய்ச் சாஸுக்கு அழகான அந்தச் சிவப்பு எண்ணெய் அதில் தெளிவாகப் பிரிந்து வராது.

சாத்தேவுக்கு இதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால் காரணம் அந்த நைசேதான். இறைச்சியின் மேல் கனமான போர்வையாக மூடி, வாயில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். புளியும் எலுமிச்சைப்புல்லும் நாக்குக்கு எட்டவே எட்டாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, விருந்தாளி இரவே வருகிறார், வறுக்க நேரமில்லை என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. விழுதை முறையாக வதக்கிவிடுங்கள், அதில் மட்டும் சுருக்குவழி வேண்டாம். பிறகு 100 கிராம் பீநட் பட்டரைப் புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றி, இறக்குவதற்கு முன் தள்ளுவண்டிக் கடலையை இரண்டு பிடி உடைத்துப் போடுங்கள். முக்கால்வாசி தூரம் வந்துவிடும். வதக்கிய விழுதும் கடிபடும் கடலையும் இருந்துவிட்டால் மற்றதைச் சாப்பிடுகிறவர்கள் மன்னித்துவிடுகிறார்கள்.

செலவைப் பார்த்தாலும் கடலைதான் ஜெயிக்கும், ஒரு பாட்டில் விலைக்குப் பல மடங்கு கடலை வாங்கிவிடலாம். நேரத்தில் பீநட் பட்டர்: பதினைந்து நிமிடத்துக்கு எதிராக ஒன்றரை மணி நேரம். ஆனால் அந்த ஒன்றரை மணியில் பாதி, கடலை வறுத்து ஆறவைப்பது. அதை முந்தின நாள் இரவே முடித்து டப்பாவில் போட்டு வைத்துவிடலாம். விழுதையும் வதக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் அடுப்பில் அரை மணிதான்.

வேறு கொட்டைகள்

முந்திரி போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். முந்திரி இனிப்பும் மாவுத்தன்மையும் உடையது, விழுதோடு கொதித்தால் குருமாவின் திசையில் போய்விடும். பாதாமும் ஹேசல்நட்டும் சேர்த்துச் செய்யும் ரோமெஸ்கோ ஸ்பெயினின் கட்டலோனியாவில் உண்டு, வால்நட்டும் பூண்டும் வினிகரும் சேர்ந்த பாழே ஜார்ஜியாவில் உண்டு. இரண்டும் அருமையான சாஸ்கள், அவற்றுக்கென்று தனி மரபும் தனி உணவுகளும் இருக்கின்றன. வால்நட்டை எலுமிச்சைப்புல்லோடு சேர்ப்பது இரண்டையும் கெடுப்பது. இந்தோனேசியச் செய்முறைகளில் கெமிரி என்று ஒரு கொட்டை வரும். கெட்டியாவதற்காக மூன்று நான்கு மட்டும் போடுவது அது. பச்சையாகத் தின்னக் கூடாது, வேகவைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் அதே அளவு முந்திரி போடுங்கள், அந்த அளவில் தவறில்லை.

கடலை ஒவ்வாமை இருப்பவர்கள் வீட்டில் நிலைமை வேறு. கடலை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு முந்திரி, பாதாம் போன்றவையும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் கொட்டையை மாற்றிப் பார்க்க வேண்டாம். சூரியகாந்தி விதையை வறுத்து இதே முறையில் செய்யலாம், கசப்பு கொஞ்சம் உண்டு, வெல்லத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். விருந்துக்கு யார் வந்தாலும் சாஸில் கடலை இருப்பதை முன்னதாகச் சொல்லிவிடுங்கள். உடைத்து அரைத்த பிறகு அது பார்வைக்கு ஏதோ ஒரு சிவப்புக் குழம்புபோலத்தான் இருக்கும்.

மிஞ்சிய மலாய்ச் சாஸ் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் இருக்கும், தேங்காய்ப்பால் விட்டிருந்தால் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். ஃப்ரீசரில் சிறு சிறு டப்பாக்களாக வைத்தால் இரண்டு மாதம் வரை ருசி மாறாது. எடுக்கும்போது கல்லாக இறுகியிருக்கும், கால் டம்ளர் வெந்நீர் விட்டுச் சிறு தீயில் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். உப்பும் புளியும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் விட்டதில் இரண்டும் கொஞ்சம் குறைந்திருக்கும்.